நாட்டுக்கோழி முட்டையா, பண்ணை முட்டையா? வயதுக்கு வந்த பெண்ணுக்கு எதைக் கொடுப்பது?

மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். தினமும் ஒரு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். கடையில் ஒரு முட்டை 18 ரூபாய். பண்ணை முட்டை கொடுத்தால் கெடுதலா, இரண்டுக்கும் சத்தில் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பண்ணை முட்டை கெடுதல் இல்லை, தாராளமாகக் கொடுங்கள். நாட்டு முட்டையில் சில சத்துகள் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அது கோழி நாட்டினமா சீமையினமா என்பதால் வருவதில்லை. அந்தக் கோழி என்ன தின்றது, வெயிலில் நின்றதா, முட்டை உங்கள் கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. எந்த முட்டையாக இருந்தாலும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நாமக்கல் வட்டாரப் பண்ணைகளுக்குத் தீவனக் கலவை எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். வீட்டுப் பின்கட்டில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழியும் மேய்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்ததால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கடைகளில் தட்டு தட்டாக அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டை, லெகார்ன் வழி வந்த கோழியுடையது. இத்தாலியில் பிறந்த இனம். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் இன்று ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அடைக்கு உட்காரும் குணத்தையே அதனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நம் சிறுவிடைப் பெட்டை 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து, வளர்த்து, தள்ளிவிட்டுத்தான் மறுபடி முட்டைக்கு வரும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை கிடைத்தாலே நல்ல கோழி. விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் இதுதான். விலை கூடியிருப்பதாலேயே சத்தும் அந்த அளவுக்குக் கூடியிருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

எடையைப் பாருங்கள். நாட்டு முட்டை 40 கிராம் சுமார். பண்ணை முட்டை 55 கிராம். ஓட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 100 கிராம் முட்டையில் ஏறக்குறைய 12.5 கிராம் புரதம். இது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குஞ்சு உருவாகத் தேவையான புரதத்தைக் குறைத்துக்கொண்டு எந்தக் கோழியும் முட்டையிடாது. அப்படியானால் ஒரு நாட்டு முட்டையில் சுமார் 4.5 கிராம், ஒரு பண்ணை முட்டையில் சுமார் 6 கிராம். நீங்கள் சொன்ன 18 ரூபாய்க்கு மூன்று பண்ணை முட்டை வாங்கலாம், அதில் 18 கிராம் புரதம். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 43 கிராம் அளவில் புரதம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்கு. இந்த வயதில் புரதம்தான் குறி என்றால் பணத்தை எங்கே போடுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் நாட்டு முட்டை ருசியாக இருக்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. சின்ன முட்டையில் மஞ்சள் கருவின் பங்கு கூடுதல். பண்ணை முட்டையில் வெள்ளைக் கரு நிறைய. கொழுப்பு, கோலின் என்ற சத்து, ஏ, டி, ஈ வைட்டமின்கள் எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. அதனால் கிராமுக்குக் கிராம் பார்த்தால் நாட்டு முட்டை செறிவானது. வாயில் வைத்தவுடன் அந்தக் கனம் தெரியும். அதே காரணத்தால் கொலஸ்ட்ராலும் கிராமுக்குக் கிராம் கூடுதலாகத்தான் இருக்கும். நாட்டு முட்டையில் கொலஸ்ட்ராலே கிடையாது என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம், அப்படி ஒரு கோழி முட்டை உலகத்தில் இல்லை. கருங்கோழி முட்டை என்று சொல்லி இன்னும் மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். கடக்நாத் என்ற அந்தக் கருங்கோழியின் தோலும் சதையும்தான் கருப்பு. முட்டை ஓடு வெளிர் பழுப்பு, உள்ளே எல்லா முட்டையையும் போல மஞ்சள்.

மஞ்சள் கருவின் நிறத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மக்கள் முட்டையின் தரத்தை அளப்பதே அந்த ஒன்றை வைத்துத்தான். கரு ஆரஞ்சாக இருந்தால் சத்து, வெளிறியிருந்தால் பண்ணைச் சரக்கு. அந்த நிறம் லூட்டீன், ஜியாசாந்தின் என்ற நிறமிகளால் வருகிறது. கோழியால் அவற்றை உண்டாக்க முடியாது, தீனியிலிருந்துதான் வர வேண்டும். மஞ்சள் மக்காச்சோளத்தில் இருக்கிறது, பச்சைப் புல்லிலும் கீரையிலும் நிறைய இருக்கிறது. தோட்டத்தில் அருகம்புல்லைக் கொத்தித் திரியும் கோழியின் கரு அடர்நிறமாக இருப்பது அதனால்தான். மக்காச்சோளம் விலை ஏறும்போது பண்ணைக்காரர்கள் கம்பையும் அரிசிக் குருணையையும் கூட்டுவார்கள். இரண்டு வாரத்துக்குள் கரு வெளிறிவிடும். தீவனத்தின் புரதமோ வைட்டமினோ அதனால் குறைந்திருக்காது.

நிறத்தைக் கூட்டுவதும் அதே அளவுக்குச் சுலபம். மைசூர்ப் பக்கம் குண்டலுப்பேட்டையைச் சுற்றி ஏக்கர் கணக்கில் செண்டுமல்லி போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி மாலைக்குப் போவதில்லை. இதழைக் காயவைத்து நிறமி பிரிக்கப் போகிறது. அந்த நிறமியைத் தீவனத்தில் ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று கலந்தால் மஞ்சள் ஏறும், மிளகாய் வற்றல் நிறமியைச் சேர்த்தால் ஆரஞ்சு ஏறும். எந்த நிறம் வேண்டுமோ அதைக் காட்ட வண்ண விசிறி ஒன்று இருக்கிறது. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் ஆரஞ்சு வரை எண் போட்ட தகடுகள். வாங்குபவர் எண்ணைச் சொன்னால் போதும், கூண்டுக்குள்ளேயே இருக்கும் கோழியை அந்த நிறத்தில் முட்டையிட வைக்கலாம். இந்த நிறமிகளால் தீங்கு இல்லை. லூட்டீன் கண்ணுக்கு நல்லதும்கூட. ஆனால் லூட்டீன் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறாது. முட்டையில் இருக்கும் வைட்டமின் ஏ நிறமில்லாத வேறு வடிவத்தில் இருக்கிறது. பண்ணைத் தீவனத்தில் அதைத் தனியாகக் கலந்தே தருகிறோம். ஆகவே வெளிறிய கருவில் வைட்டமின் ஏ நிறைவாகவும், அடர்ந்த கருவில் சாதாரணமாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. நிறத்தைப் பார்த்துச் சத்தைச் சொல்ல முடியாது.

ஓட்டு நிறமும் அப்படித்தான். முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் கருப்பையின் சுவர் ஓட்டின் மேல் ஒரு நிறமியைப் பூசுகிறது. பூசுவதும் பூசாததும் இனத்தைப் பொறுத்தது. லெகார்னுக்கு அது கிடையாது. உள்ளே இருப்பதற்கும் மேலே பூசியதற்கும் தொடர்பு இல்லை. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் இருக்கின்றன, அவையும் அதே கூண்டில் அதே தீவனத்தைத்தான் தின்கின்றன.

மேய்ச்சல் தருகிற உண்மையான லாபம் இரண்டு. முதலாவது வைட்டமின் டி. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் ஒரே வகைக் கோழிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்தை வெளியே வெயிலில் விட்டார்கள், ஒரு கூட்டத்தைக் கொட்டகைக்குள் வைத்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் வெயிலில் நின்ற கோழிகளின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி மூன்று நான்கு மடங்கு கூடுதல். இனம் மாறவில்லை, வெயில்தான் மாறியது. ஜெர்மனி வெயிலுக்கே இப்படி என்றால் நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டாவது ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் ஈயும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2010இல் புல்வெளியில் மேய்ந்த கோழிகளையும் கூண்டுக் கோழிகளையும் ஒப்பிட்டது. மேய்ந்தவற்றின் முட்டையில் வைட்டமின் ஈ இரு மடங்கு, ஒமேகா 3 மொத்தமாக 2.5 மடங்கு இருந்தன. ஆனால் முட்டைக்கு முட்டை எடுத்தால் வைட்டமின் ஏ அளவில் மாற்றம் இல்லை.

பச்சையும் பூச்சியும் வெயிலும் கிடைக்கும் கோழி என்றால் இந்த லாபம் நிச்சயம் உண்டு. ஆனால் "நாட்டுக்கோழிப் பண்ணை" என்ற பெயரில் கொட்டகைக்குள் அடைத்து, பண்ணைத் தீவனமே போட்டு வளர்ப்பவர்கள் இப்போது ஏராளம். அந்தக் கோழி பார்க்க அசல் நாட்டுக்கோழி. அதன் முட்டையோ தீனி விஷயத்தில் பண்ணை முட்டைதான். உங்கள் 18 ரூபாய் முட்டை எங்கே மேய்ந்த கோழியுடையது என்று கடைக்காரருக்குச் சொல்லத் தெரியுமா? தெரியாது என்றால் அந்தக் கூடுதல் காசுக்கு உத்தரவாதம் இல்லை.

முட்டையின் வயது இன்னொரு பெரிய விஷயம், இதை யாரும் கேட்பதில்லை. ஒரு முட்டையைத் தட்டையான தட்டில் உடைத்து ஊற்றிப் பாருங்கள். இன்று இட்டது என்றால் மஞ்சள் கரு குண்டாக எழும்பி நிற்கும். அதைச் சுற்றி வெள்ளைக் கரு கெட்டியாக ஒரு மேடு கட்டியிருக்கும், அதற்கு வெளியேதான் கொஞ்சம் நீர்த்த பகுதி. பழசானால் அந்த மேடு கரைந்து வெள்ளைக் கரு தட்டு முழுக்க ஓடும், மஞ்சள் கரு சப்பையாகிவிடும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடி, கெட்டிப் புரதம் நெகிழ்ந்துபோவதுதான் காரணம். அந்த மேட்டின் உயரத்தை அளந்து, முட்டையின் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டு ஒரு மதிப்பெண் போடுவார்கள். 1937இல் ரேமண்ட் ஹா என்பவர் வகுத்த முறை, இன்றும் உலகம் முழுவதும் அதுதான் அளவுகோல். அதில் பண்ணை முட்டைகள் பெரும்பாலும் நன்றாகவே மதிப்பெண் வாங்குகின்றன. கிராமத்தில் ஒவ்வொரு வீடாக ஒன்றிரண்டு முட்டை சேர்த்து, கூடை நிறைந்த பிறகு சந்தைக்கு வந்து, அங்கிருந்து நகரக் கடைக்கு வரும் நாட்டு முட்டை 10 நாள் ஆனதாக இருப்பது சாதாரணம். சேவலோடு திரியும் பெட்டையின் முட்டை கருக்கூடியதாக வேறு இருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் நாலைந்து நாள் வெளியே கிடந்தாலே கரு வளரத் தொடங்கி, உடைத்தால் மெல்லிய இரத்த நரம்புகள் தெரியும். வீட்டில் தண்ணீர்ச் சோதனையே போதும். படுத்துக் கிடந்தால் புதுசு, நட்டுக்கொண்டு நின்றால் பழசு, மிதந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். முட்டைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவது இல்லை. ஒரு பண்ணையில் 50,000 கோழி இருக்கும், ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட்டால் 5, 6 ரூபாய்க்கு முட்டை விற்க முடியாது. தேவையும் இல்லை, இனத் தேர்வும், கணக்கான தீவனமும், ஒரு நாளைக்கு 16 மணி நேர வெளிச்சமும் சேர்ந்துதான் அந்த முட்டையை வரவைக்கின்றன. குஞ்சுகளுக்குப் போடும் ஊசி ராணிக்கெட் போன்ற நோய்களுக்கான தடுப்பூசி.

ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் மக்களின் பயம் நியாயமானது. நோய் வராமலே முன்கூட்டித் தீவனத்தில் மருந்து கலக்கும் பழக்கம் இந்தத் துறையில் இருந்தது, முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையே கோழித் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. மருந்து கொடுத்தால் அதன் மிச்சம் நீங்கும் வரை அந்தக் கோழிகளின் முட்டையை விற்கக் கூடாது. விதியைக் கடைப்பிடிக்கும் பண்ணைகளும் உண்டு, கடைப்பிடிக்காதவையும் உண்டு. கூண்டும் எனக்கு ஒப்பாத விஷயம். ஒரு கோழிக்குக் கிடைப்பது ஓர் ஏ4 தாளைவிடச் சின்ன இடம், அதிலேயே அதன் ஆயுள் முடிகிறது. கோழி இறக்கையை விரித்து, மண்ணைச் சீய்த்து வாழ வேண்டும் என்பதற்காக ஒருவர் கூடுதல் விலை கொடுத்து நாட்டு முட்டை வாங்குகிறார் என்றால் அவரை மனதாரப் பாராட்டுவேன். அந்தக் காசு பெரும்பாலும் ஒரு கிராமத்துப் பெண்ணின் கைக்குப் போகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை.

மேய்கிற கோழி எல்லாம் சுத்தமானது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். கோழி மண்ணோடு வாழ்கிறது, மண்ணில் இருப்பது முட்டைக்கு வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்த கோழிகளின் முட்டையைச் சோதித்ததில், கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. 2022இல் வெளிவந்தது அந்த ஆய்வு. பழைய வீடுகளின் பெயின்டும் பெட்ரோல் புகையும் படிந்த மண்தான் காரணம். நம் ஊரில் சாக்கடை ஓரத்திலும், பிளாஸ்டிக் எரிக்கிற குப்பைமேட்டிலும், பழைய பேட்டரி உடைக்கிற பட்டறைப் பக்கத்திலும் மேயும் கோழியின் முட்டையை நாட்டு முட்டை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தோட்டத்துக் கோழி வேறு. தென்னந்தோப்பில் புல்லும் பூச்சியும் பொறுக்கி, குஞ்சாக இருந்தபோது பானையைக் கவிழ்த்து வளர்த்த கறையானைத் தின்று வளர்ந்த கோழியின் முட்டைக்கு நானும் தலைவணங்குவேன்.

போலி முட்டை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பண்ணையில் புதிதாக முட்டைக்கு வரும் வெடக்கோழியின் முட்டை முதல் சில வாரம் சிறியதாக இருக்கும். அதைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறார்கள். உடைத்து ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் போலி என்று ஒரு சோதனை சொல்வார்கள், அது தவறு. அசல் பழுப்பு முட்டைக்கும் உட்புறம் வெளிறித்தான் இருக்கும். எலுமிச்சையோ வினிகரோ வைத்துத் தேய்த்தால் அசல் நிறமும் மேலோடு சேர்ந்து கொஞ்சம் கரையும், அதனால் அதையும் நம்ப முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் டீ நிறம் ஒட்டினால் சாயம். இன்னொரு அடையாளம், ஒரு தட்டு முழுக்க ஒரே நிறம், ஒரே அளவு என்றால் சந்தேகப்படலாம். வெவ்வேறு வீட்டுப் பெட்டைகள் இட்ட முட்டை ஒன்று வெளிறியும் ஒன்று பழுத்தும் ஒன்று நீண்டும் ஒன்று உருண்டும்தான் வரும். கிராமப்பிரியா போல ஆண்டுக்கு 200 முட்டை அளவுக்கு இடும், புறக்கடைக்கென்று ஹைதராபாத்தில் உருவாக்கிய கோழிகளின் பழுப்பு முட்டையும் நாட்டு முட்டையாகவே விற்பனைக்கு வருகிறது. அது ஏமாற்று என்று சொல்வதற்கில்லை, நன்றாக மேய்ந்திருந்தால் சத்தும் குறையாது. ஆனால் சிறுவிடை முட்டையின் விலை அதற்குத் தேவையில்லை.

இனி பச்சை முட்டை. பெரியவர்கள் அன்போடு சொல்கிறார்கள், வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலப்பட வேண்டும் என்ற அக்கறை அது. வீட்டில் வேறு புரதமே அரிதாக இருந்த காலத்தில், பெட்டை அன்று காலை இட்ட முட்டையை அப்படியே கொடுத்தது பெரிய கவனிப்பு. ஆனால் வேகவைத்தால் சத்து போய்விடும் என்பது நேர்மாறு. பெல்ஜியத்தில் 1998இல் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். பச்சை வெள்ளைக் கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, வெந்தால்தான் அந்தப் பிடி தளரும். சால்மோனெல்லா கிருமி நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று பார்ப்பதில்லை. எச்சம் ஒட்டிய ஓட்டிலிருந்து உடைக்கும்போது உள்ளே வரும், சில சமயம் கோழியின் உடம்பிலிருந்தே முட்டைக்குள் வந்துவிடும். 18 ரூபாய் கொடுத்து வாங்கிய முட்டையின் பாதிப் புரதத்தை வீணாக்கி, கூடவே வயிற்றுப்போக்கையும் வரவழைத்துக்கொள்ள வேண்டாம். ஆஃப் பாயிலும் இந்த வயதுக்கு வேண்டாம், மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகட்டும்.

உங்கள் மகளுக்கு இப்போது முக்கியமாகத் தேவைப்படுவது இரும்புச் சத்து, முட்டை அதைத் தராது. அவள் வயதில் நாளைக்கு 30 மில்லிகிராம் அளவில் இரும்பு வேண்டும். ஒரு முட்டையில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, இருப்பதையும் மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதம் பிடித்துக்கொள்வதால் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. இது எல்லா முட்டைக்கும் பொருந்தும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, சுண்டல், சாப்பிடுபவர்கள் என்றால் வாரம் ஒரு தடவை ஆட்டு ஈரல், இவற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொடுங்கள். முட்டையில் வைட்டமின் சி துளியும் கிடையாது.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நல்லெண்ணெயை உளுந்தங்களியில் ஊற்றிக் கொடுப்போம் அத்தை, முட்டையை வேகவைத்து உரித்து, மிளகுத்தூள் போட்டு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்போம். அது பண்ணை முட்டையாகவே இருக்கட்டும். ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தோட்டத்துக் கோழி இருந்தால் வாரம் ஒருமுறை 10 முட்டை வாங்கி வந்து, தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அது கிடைக்கும் வாரத்தில் அதைக் கொடுங்கள், கிடைக்காத வாரத்தில் தெருமுனைக் கடையில் தட்டில் இருப்பதை வாங்குங்கள். கடைக்காரரிடம் எந்தக் கோழி என்று கேட்பதைவிட, சரக்கு எந்தக் கிழமை இறங்கியது என்று கேளுங்கள்.